அடிமையும் அடியாரும்

'அடி' என்னும் ஒரு சொல்லினின்று நம் தமிழ்மொழியிலே இரண்டு சொற்கள் பிறந்தன. ஒன்று அடிமை, மற்றொன்று அடியார். முன்னதைக் கேட்டால் நமக்கு நாணமும் சினமும் உண்டாகின்றன. பின்னதைக் கேட்டால் கைகள் தாமே குவிகின்றன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இருவேறு ஊர்களிற் போய்க் குடியேறியதுபோல இவ்விரு சொற்களும் பிரிந்து நிற்கும் காரணம் யாது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சியன்று. கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம் இளைஞர்கள் பலர், "சரணாகதி, சரணாகதி என்று பெரியோர் ஓதுகின்றீர்களே, பணிந்து பணிந்தே முதுகு வளைந்துபோன ஒரு சமூகத்துக்கு இன்னும் பணிவையா போதிப்பது?" என்று நம்மை நேரிற் கேட்பதுண்டு. கேட்பவர் முகத்திலே குறும்பு இல்லை, வேதனையே உண்டு. ஆதலின் அவர்களுக்கு விடை கூறுவது நம் கடமையாகின்றது. விடையைத் தத்துவ நூல்களில் மட்டும் தேடாது, சரணடைந்து அடியாரானவர்களின் வரலாற்றிலே தேடுவோம். வாழ்ந்து காட்டியவர் வாழ்க்கையைவிடத் தெளிவான உரை வேறில்லையன்றோ?

வெண்ணெய்நல்லூர் ஓலை

தமிழ்நாட்டு அடியார் வரலாற்றுக்கு வாயிலாக நிற்பது ஒரு வழக்கு. வழக்காளி ஒரு முதிய வேதியர். எதிராளி மணக்கோலத்திலிருந்த ஓர் இளைஞர். திருநாவலூரில் ஆதிசைவ மரபிற் பிறந்த நம்பியாரூரருக்குப் புத்தூரிலே திருமணம் நிகழவிருந்த வேளையில், கிழவர் ஒருவர் பந்தலுக்குள் நுழைந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் உளது" என்றார். அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது எந்நாட்டு வழக்கு என்று நகைத்த நம்பியாரூரர், கிழவரைப் பித்தர் என்று ஏசினார்; பாய்ந்து ஓலையைப் பறித்துக் கிழித்தும் எறிந்தார். கிழவரோ, கிழிந்தது படியோலையே, மூலவோலை வேறு உளது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வழக்கைக் கொண்டுசென்றார். சபையோர் மூலவோலையை வாங்கிப் பார்த்துப் பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்புநோக்கினர். எழுத்து ஒத்திருந்தது. நம்பியாரூரர் தோற்றார். "உமது வீடு எங்கே?" என்று கேட்டவர்களை அழைத்துக்கொண்டு சென்ற கிழவர், திருவருட்டுறைக் கோயிலுக்குட் புகுந்து மறைந்தார். வழக்காடியவர் யாரென்பது அப்போதுதான் விளங்கிற்று. ஏசிய சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு இறைவன் பணித்தான் என்பது வரலாறு. இவ்வண்ணம் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிலே பாடிய பெரியபுராணத்திற் கூறுவர்.

இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்க வேண்டுவன மூன்று. முதலாவது, சுந்தரர் எளிதிற் பணிந்தவர் அல்லர். எதிர்த்தார், வாதாடினார், ஓலையையும் கிழித்தார். பணிவு அவருக்குப் பிறவிப் பழக்கமன்று. உண்மையைக் கண்டபின் எய்திய தெளிவு அது. இரண்டாவது, அடிமையென்று தொடங்கிய உறவு அடிமையாகவே நின்றுவிடவில்லை. 'தம்பிரான் தோழர்' என்பது உலகம் அவருக்கு இட்ட பெயர். பசித்தபோது நெல் கேட்டார். வேண்டியபோது பொன் கேட்டார். பரவையாரின் ஊடல் தீர்க்கத் தம் தலைவனையே இருளிலே தூது அனுப்பினார். எந்த ஆண்டான் தன் அடிமைக்குத் தூது நடந்தான்? மூன்றாவது, இறைவனுக்கு ஆளானவர் அவனோடு மாத்திரம் நின்றாரல்லர். திருவாரூரிலே அவனுடைய அடியார் அனைவர்க்கும் தாம் அடியேன் என்று திருத்தொண்டத்தொகை பாடினார்.

அத்தொகையிற் கண்ட அடியார் யாவர்? அரசர் உளர், அந்தணர் உளர். அவர்களோடு சரிநிகராக வேடர் கண்ணப்பர், குயவர் திருநீலகண்டர், மீனவர் அதிபத்தர், துணி வெளுக்கும் ஏகாலியர் குலத்துத் திருக்குறிப்புத்தொண்டர், எண்ணெய் ஆட்டும் கலியர், துணி நெய்யும் நேசர், புலைப்பாடியிற் பிறந்த திருநாளைப்போவார் ஆகியோரும் வீற்றிருக்கின்றனர். உலகிலே ஒருவர் முன் ஒருவர் நிற்கவும் அஞ்சிய காலத்தில், சரணாகதி என்னும் ஒரே வாயில் இவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் இருத்தியது. அடிமை முறை மனிதரை மேல் கீழாக அடுக்குகின்றது. அடியார் நெறியோ அவர்களைப் பக்கம் பக்கமாக அமர்த்துகின்றது. முதல் வேற்றுமை இது என்க.

அரசனுக்கு அஞ்சாத அடியார்

இரண்டாம் வேற்றுமையைத் திருநாவுக்கரசர் வாழ்விலே காண்கின்றோம். திருவாமூரிலே வேளாளர் குடியிற் பிறந்து மருணீக்கியார் என்னும் பெயருடன் வளர்ந்த இவர், இளமையிலே சமண சமயஞ் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் அங்கே தலைமையும் பெற்றவர். சூலைநோய் வருத்தத் தம் தமக்கையாரிடம் மீண்டு, திருவதிகையிலே இறைவனைச் சரண்புகுந்தார்.

இங்கே அத்தமக்கையார் திலகவதியாரை நாம் மறத்தலாகாது. அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார், பெற்றோரும் இறந்தனர். தாமும் உயிர்துறக்கத் துணிந்தவர், தம்பி தனித்துவிடுவானே என்று உயிர் தரித்திருந்தார். திருவதிகைத் திருக்கோயிலிலே அலகிட்டும் மெழுகிட்டும் மலர்கொய்தும் பல்லாண்டு காத்திருந்தார். அப்பர் அடிகளின் சரணாகதிக்கு முன்னரே அத்தமக்கையின் சரணாகதி நிகழ்ந்துவிட்டது. ஒருவர் சரணடைய, அதன் பயனை மற்றொருவரும் பெறுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீண்டும் சைவரான நாவுக்கரசரைப் பல்லவ அரசன் அழைத்துவர ஆணையிட்டபோது, அவ்வாணைக்கு அவர் இசையவில்லை. இறைவனுக்கே ஆட்பட்ட தாம் வேறெவர்க்கும் குடியல்லர், கூற்றுவனுக்கும் அஞ்சுவதில்லை என்று அவர் அமைச்சர்களிடம் விடைகூறியதாக வரலாறு. நீற்றறையில் இட்டனர், நஞ்சூட்டினர், யானையை ஏவினர், கல்லிற் பிணித்துக் கடலில் எறிந்தனர் என்று புராணம் கூறும். இவற்றையெல்லாம் தாங்கியவர் ஆயுதமேந்திய வீரரல்லர். உழவாரப்படை ஒன்றையே கையில் ஏந்திக் கோயில் வீதியிற் புல் செதுக்கிய தொண்டர். அந்த அரசன் மனந்திரும்பிச் சைவனானான் என்பர். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

அன்பர்களே, இதனைச் சிந்தியுங்கள். அடிமையானவன் பலருக்கு அஞ்சுகின்றான். ஆண்டானுக்கு அஞ்சுகின்றான், ஆண்டானின் ஏவலாளனுக்கும் அஞ்சுகின்றான், நாளைக்கும் அஞ்சுகின்றான். அடியாரோ ஒருவனுக்கே தம்மை ஒப்புவித்து, மற்றெல்லா அச்சங்களினின்றும் விடுதலை பெறுகின்றார். ஓரிடத்திற் குனிந்த தலை வேறெங்கும் குனியவேண்டியதில்லை. திருப்புகலூரிலே அப்பர் பெருமான் உழவாரஞ் செய்த நிலத்திற் பொன்னும் மணியும் கிடந்தபோது, அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் கூறுவர். அச்சத்தை வென்றவர் ஆசையையும் வென்றார். இவ்விரண்டையும் வென்றவரை எந்த ஓலை கட்டும்? எந்தச் சங்கிலி பிணிக்கும்?

இலங்கைக் கரையிலே தோன்றிய சரணாகதி

வைணவப் பெரியோர் இராமாயணத்தைச் சரணாகதி நூல் என்றே போற்றுவர். அதிலே சரணாகதிக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாக நிற்பவன் நம் இலங்கைத் தீவின் இளவரசன் வீடணன். அவனும் கோழையல்லன். அண்ணன் இராவணனின் பேரவையிலே எவரும் வாய் திறவாதபோது, சீதையை விட்டுவிடுக என்று எழுந்து சொன்னவன் அவன். இகழப்பட்டு, நால்வர் துணையோடு நாடு நீங்கிக் கடல் கடந்து இராமபிரானை அடைந்தான். பகைவன் தம்பியை ஏற்பதா என்று சுக்கிரீவன் முதலியோர் ஐயுற்றபோது, ஒருகால் உனக்கே உரியேன் என்று வந்தவர் எவராயினும் அவருக்கு அபயமளிப்பதே தன் விரதம் என்று பெருமான் உறுதி கூறினான். களனியிலே வீடணனுக்குத் தனிச் சந்நிதி அமைத்துச் சிங்கள பௌத்த மக்களும் இன்றளவும் வழிபட்டு வருகின்றனர்.

சரணாகதிக்கு அங்கங்கள் ஆறு என்று வைணவ ஆசாரியர் வகுத்தனர். இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்னும் துணிவு ஒன்று. உகவாததை விடுதல் இரண்டு. அவன் காப்பான் என்னும் அசையாத நம்பிக்கை மூன்று. காத்தருள்க என்று வேண்டுதல் நான்கு. தன்னை முழுதும் ஒப்புவித்தல் ஐந்து. தனக்கு வேறு புகலில்லை என்று உணரும் எளிமை ஆறு. இவற்றிலே முதலிரண்டும் செயலைப் பற்றியன என்பதைக் காண்க. கைகட்டிச் சோம்பியிருத்தல் இவ்வாறினுள் எதிலும் அடங்கவில்லை.

இறைவன் அருளுக்கு உயிரின் முயற்சியும் வேண்டுமா, வேண்டாவா என்பதிலே பிற்காலத்தில் இரு கட்சிகள் தோன்றின. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் உவமை காட்டினர். தாய் கவ்விச் செல்லத் தன்னை விட்டுக்கொடுக்கும் பூனைக்குட்டியைத் தென்கலையார் உவமை காட்டினர். குட்டி எதுவாயினும் அது தாயினிடத்தே இருக்கின்றது என்பதே நமக்கு வேண்டிய உண்மை.

சரணம் என்னும் சொல் இந்துக்களுக்கு மட்டும் உரியதுமன்று. இந்நகரின் விகாரைகளிலே நாள்தோறும் பௌத்தர் மும்மணிகளைச் சரணடைந்தே வழிபாட்டைத் தொடங்குகின்றனர். இஸ்லாம் என்னும் பெயருக்கே இறைவனுக்குத் தன்னை ஒப்புவித்தல் என்பது பொருள். கிறித்தவ உலகிலே 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகர மடமொன்றின் சமையற்கூடத்தில் ஊழியம் புரிந்த சகோதரர் லாரன்ஸ் என்பார், பாத்திரங்களுக்கிடையிலேயே இறைவனோடு உறவாடினார் என்று படிக்கின்றோம். சுவாமி விவேகானந்தர் கிறித்துவைப் பின்பற்றுதல் பற்றிய தோமஸ் கெம்பிஸின் நூலின் ஒரு பகுதியைத் தாமே வங்காளியில் மொழிபெயர்த்தார். பல ஆறுகள், ஒரே கடல்.

கண்டியிலே கந்தன்

நம் நகரத்துக்கு வருவோம். கண்டி இராச்சியத்தை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் தென்னாட்டினின்று வந்த நாயக்கர் மரபினர். அவர்களுக்கு முன்னும் பின்னும் இந்நகரின் வாழ்வோடு கதிர்காமக் கடவுள் பின்னிக் கிடக்கின்றான். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் நான்கும் இந்நகரைக் காப்பன என்பது மக்கள் நம்பிக்கை. ஆடி மாதத்தை ஒட்டி நிகழும் எசல பெரகராவிலே தலதா மாளிகை ஊர்வலத்தைத் தொடர்ந்து இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் செல்கின்றன. கதிர்காம தேவாலயத்தின் வரிசையிலே காவடியாட்டம் நிகழ்வதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஈற்றிலே கெட்டம்பையில் மகாவலி கங்கையின் நீரை வெட்டும் சடங்கு நடைபெறுகின்றது. சிங்களவரும் தமிழரும் ஒரே தெய்வத்தின் முன் நிற்கும் காட்சி இந்நாட்டின் பெருஞ்செல்வமாகும்.

கதிர்காமத் தலத்திலோ மூலத்தானத்திற் காண்பதற்குத் திருவுருவம் இல்லை. வள்ளி தெய்வயானை சமேதராய் முருகப்பெருமான் எழுந்தருளிய ஓவியத்திரையே கண்ணுக்குப் புலனாகும். திரைக்குப் பின்னே பேழையினுள் யந்திரம் உளது என்பர். பூசை செய்யும் கப்புறாளைமார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசிக்கின்றனர். உருவமும் மறைந்து, உரையும் அடங்கிய இடத்திலே எஞ்சி நிற்பது அன்பு ஒன்றே. கதிர்காமத்தைத் திருப்புகழிலே பாடிய அருணகிரிநாதரும் இந்த மௌன உபதேசம் பெற்றவரே. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், தம் வாழ்வை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தினின்று வீழ்ந்தபோது முருகன் தாங்கினான் என்றும், பேச்சற்றிருக்கப் பணித்தான் என்றும் மரபு கூறுகின்றது. கீழே வீழ்ந்தவரை இறைவன் எடுத்தான் என்பதே அருணகிரியாரின் முழு வரலாறு. நல்லவர் மட்டுந்தான் சரணடையலாம் என்று எண்ணித் தயங்குவோர் இவரை நினைக்கக்கடவர்.

துண்டும் தோட்டமும்

இனி, நம் இளைஞர் கேட்ட கேள்வியின் உள்ளத்தைத் தொடுவோம். 19ஆம் நூற்றாண்டிலே கண்டிச் சீமையின் மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. தமிழ்நாட்டினின்று வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே இம்மலைகளை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, 1867இலேயே லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டிருந்த தேயிலை அதனிடத்தைப் பிடித்தது.

அக்காலத்திலே தொழிலாளரைப் பிணித்தது 'துண்டு' என்னும் ஒரு சீட்டு. கங்காணி முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்குவான். இன்னின்னாரின் கடன் இவ்வளவு, அது தீர்க்கப்பட்டால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் அச்சீட்டோடு, மனிதர் ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறினர். 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தினால் அம்முறை ஒழிந்தது.

வெண்ணெய்நல்லூர் ஓலையும் ஓர் ஆட்சீட்டே. தோட்டத்துத் துண்டும் ஓர் ஆட்சீட்டே. இரண்டினையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, ஒருவனைக் கடனாளியாக்கி மேலும் மேலும் கடனிலே அமிழ்த்துவது. மற்றது, ஆண்டவனையே தூது நடக்கவைக்கும் தோழமையிலே கொண்டுபோய் நிறுத்துவது. ஒன்று மனிதனைப் பண்டமாக்கிற்று. மற்றது மனிதனைத் தம்பிரான் தோழராக்கிற்று. இவ்விரண்டும் ஒன்றென்று மயங்குவோர் ஓலையையும் அறியார், துண்டையும் அறியார்.

துண்டினாற் பிணிக்கப்பட்ட அம்மக்களே தோட்டந்தோறும் மரத்தடியிற் கல்லையும் சூலத்தையும் நட்டு மாரியம்மனை வணங்கினர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும், கண்டி கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயிலும், மலைநாட்டின் பிற கோயில்களும் இம்மரபின் மலர்ச்சியே. தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்தருகே ரோத முனியையும், கவ்வாத்து வெட்டும் மலையிலே கவ்வாத்துச் சாமியையும் அவர்கள் கண்டனர். கூலி கொடுத்தவர் காடு, மலை, இயந்திரம் என்று கண்ட இடங்களையெல்லாம் அவர்கள் திருவடி பதிந்த இடங்களாகக் கண்டனர். செக்ரோலிலே அவர்கள் பெயர் கணக்குக்காக அழைக்கப்பட்டது; அம்மன் சந்நிதியிலே பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனைக்காக அழைக்கப்பட்டது. தாம் வெறும் ஆட்கணக்கல்லர், அம்மையின் பிள்ளைகள் என்னும் நினைவை அவர்களுக்கு அளித்தது அந்தச் சரணாகதியே.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டது. நெடுங்காலம் நீடித்த இத்துன்பத்துக்கு, 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கும் சட்டத்தினாலேயே பெரும்பாலும் முடிவு ஏற்பட்டது. அவ்வளவு காலமும் எந்நாட்டுப் பதிவேட்டிலும் இடமின்றி இருந்தவர்கள், தெய்வத்தின் பதிவேட்டிலே தமக்கு இடமுண்டு என்று நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை எவரும் எளிதிற் பழித்தல் தகாது.

ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறுவோம். தெய்வத்திடம் சரணடைந்தவன் மனிதனிடம் நியாயம் கேட்கலாகாது என்று எந்த அடியாரும் உபதேசிக்கவில்லை. சுந்தரர் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றார். அப்பர் அரசாணையை மறுத்தார். வீடணன் அண்ணனுக்கு எதிரே நீதியுரைத்தான். உரிய கூலியைக் கேட்பதும் உரிய உரிமையைக் கேட்பதும் சரணாகதிக்கு முரணல்ல. 'எல்லாம் விதி, வாய்மூடி இரு' என்று பிறனொருவனுக்குப் போதிப்பவன் சரணாகதியைப் போதிக்கவில்லை, தன் வசதியையே போதிக்கின்றான்.

தேரடியில் ஒரு கேள்வி

அடியாராதல் பழங்காலத்தோடு முடிந்த கதையன்று. 1897ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி கொழும்பிலே வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், சில நாட்களிற் புகையிரத மார்க்கமாகக் கண்டிக்கு எழுந்தருளினார். இந்நகர மக்கள் வாத்தியங்களுடனும் கோயில் விருதுகளுடனும் எதிர்கொண்டு வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தனர். இங்கிருந்து குதிரை வண்டியிலே மாத்தளை, தம்புள்ளை, அனுராதபுரம், வவுனியா வழியாக அவர் யாழ்ப்பாணஞ் சென்றார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் உடைந்து காட்டுவழியிற் காத்திருக்கவும் நேர்ந்தது. நம் முன்னோர் தெற்கு நோக்கி நடந்துவந்த வழியின் பெரும்பகுதியே வடக்கு நோக்கி அவர் சென்ற வழியாகவும் அமைந்தது. எழுமின் என்று உலகை எழுப்பிய அவ்வீரத்துறவி தம் குருநாதராகிய இராமகிருஷ்ண பரமஹம்சரின் திருவடியிலே தம்மை முற்றும் ஒப்புவித்தவர் என்பதை நம் இளைஞர் நினைவிற் கொள்க. சரணாகதி அவரைச் சோர்விக்கவில்லை, சிங்கமாக்கிற்று.

அன்று யாழ்ப்பாணத்திலே அவருரை கேட்டோருள் சதாசிவம் என்னும் இளைஞரும் இருந்தார் என்பர். 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே பிறந்த அவ்விளைஞர் பின்னர் கிளிநொச்சியில் நீர்ப்பாசன இலாகாவிலே களஞ்சியப் பொறுப்பாளராக உத்தியோகம் பார்த்தார். 1905ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தேரடியிலே அவர் செல்லப்பா சுவாமிகளைச் சந்தித்தார். கந்தல் உடுத்து, தமக்குத் தாமே பேசிக்கொண்டு திரிந்த செல்லப்பரை ஊரார் பித்தர் என்றே எண்ணியிருந்தனர். அவரோ வழியிற் சென்ற இவ்வுத்தியோகத்தரை அதட்டி, நீ யார் என்று கேட்டார். அக்கேள்விக்குப் பெயரையோ ஊரையோ உத்தியோகத்தையோ விடையாகச் சொல்ல அவரால் இயலவில்லை. அன்று தொடங்கிய உறவினால் அவர் உத்தியோகந் துறந்து குருவின் அடிமையானார், யோகர் சுவாமிகளானார்.

ஏசப்பட்ட பித்தனே ஆட்கொள்ளும் குருவாதல் வெண்ணெய்நல்லூரிலும் நிகழ்ந்தது, நல்லூரிலும் நிகழ்ந்தது. 1915ஆம் ஆண்டு செல்லப்பர் சமாதியடைந்தார். யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையிலே இலுப்பை மரத்தடியில் வெயிலும் மழையும் பாராது நெடுங்காலம் வீற்றிருந்தார். பின்பு அன்பர் அமைத்த சிறு குடிலிலே வதிந்தார். காவியுடுத்தாரில்லை, பீடமேறினாரில்லை. வெள்ளை வேட்டியோடு குடைபிடித்து நடந்தார். ஒருகால் கதிர்காமத்துக்கும் கால்நடையாகவே யாத்திரை போயினார். கொழும்பு, மலைநாடு என்று அன்பர் இல்லங்களைத் தேடிச் சென்றும் அருளினார். 1935ஆம் ஆண்டு 'சிவதொண்டன்' இதழ் அவரருளால் வெளிவரலாயிற்று. அவர் பாடிய நற்சிந்தனைப் பாடல்கள் இன்று ஈழத்து வீடுகளிற் பலர் நாவில் நடமாடுகின்றன. 1964ஆம் ஆண்டு பங்குனியிலே தம் 91ஆம் வயதில் திருவடி சேர்ந்தார்.

அவர் உபதேசத்தின் சாரம் எளிது. உலகிலே பொல்லாப்பென்று ஒன்றில்லை, நிகழவேண்டியது முன்னமே முடிந்துவிட்டது, நாம் ஒன்றும் அறியோம், உள்ளதெல்லாம் உண்மையே. குருபரம்பரையாக வந்த இந்நான்கு கருத்துக்களையே அவர் திரும்பத் திரும்ப உணர்த்தினார். எல்லாம் முடிந்த காரியமாயின் யாம் ஏன் உழைக்கவேண்டும் என்று சிலர் கேட்பர். அவரோ ஓய்ந்திருக்கச் சொல்லவில்லை. ஆசிரியர் பாடஞ் சொல்வதும், உழவர் நிலமுழுவதும், தாய் சோறாக்குவதும் சிவதொண்டாக வேண்டும் என்றே வற்புறுத்தினார். பயனைப் பற்றிய கவலை ஒழிந்தவன் வேலையைச் செம்மையாகச் செய்வான் என்பது அனுபவமன்றோ?

நம் கண்டி மாவட்டமும் இத்தொண்டிற் பின்னிற்கவில்லை. நாவலப்பிட்டியிலே 1948ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ஆத்மஜோதி' என்னும் ஆன்மிக மாத இதழ், அறிஞர் நா. முத்தையாவின் ஆசிரியத்துவத்திலே பல்லாண்டுகள் வெளிவந்து, ஈழத்துச் சித்தர்களின் வரலாறுகளை வீடுதோறும் கொண்டு சென்றது. தேயிலை மலைகளுக்கிடையே ஒரு சிறு பட்டினத்தினின்று இவ்வளவு ஒளி பரவியமை நமக்குப் பெருமையாகும். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக் குன்றிலே இந்து மாணவர்களின் ஆர்வத்தால் எழுந்த குறிஞ்சிக் குமரன் கோயிலும், கல்வியும் பக்தியும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.

அடியாரை அறிவது எங்ஙனம்?

போலிகள் மலிந்த காலம் இது. ஆதலின் மெய்யடியாரை அறியும் அடையாளங்களை, மேலே கண்ட வரலாறுகளிலிருந்தே தொகுத்துக் கூறுவோம். மெய்யடியார் பிறரைத் தமக்கு அடிமையாக்கார், இறைவனிடத்தே ஆற்றுப்படுத்துவர். அவரை அடைந்தவருக்கு அச்சம் குறையும், கூடாது. அவர் கையிலே பொன்னும் ஓடும் ஒன்றாகும். சாதியும் செல்வமும் பார்த்து இருக்கை இடார். சித்து விளையாட்டை விலைகூறி விற்கார். உழவாரமோ, துடைப்பமோ, எழுதுகோலோ, ஏதேனும் ஒரு தொண்டுக் கருவி அவர் கையில் இருக்கும். இவ்வடையாளங்கள் இல்லாதவிடத்துச் சடைமுடியும் மாலையும் எவ்வளவு நீண்டிருந்தாலும் நாம் மயங்கவேண்டுவதில்லை. கண்மூடிக் கண்டவர் காலில் விழுதல் சரணாகதியன்று. அது பழைய துண்டுச் சீட்டின் புதிய பதிப்பேயாம்.

மகாஞானியாதல் எல்லோர்க்கும் கைகூடுவதன்று எனச் சிலர் சோர்வர். சைவம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்தது அச்சோர்வு நீங்கவேயாம். முதற்படியாகிய சரியை, கோயிலைக் கூட்டி மெழுகி விளக்கேற்றும் தாச மார்க்கம். திலகவதியார் தொடங்கியதும் அங்கேதான். அப்பர் பெருமான் கடைசிவரை கைவிடாததும் அதனையேதான். உச்சிக்குச் சென்றவரே முதற்படியை விடாதிருக்க, அடிவாரத்தில் நிற்கும் நமக்கு அது சிறிதாகத் தோன்றலாமோ?

இளைஞர்காள்! உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதனை விடாது கேளுங்கள். மனிதன் மனிதனுக்கு எழுதும் அடிமை ஓலை எங்கே காணப்படினும் கிழித்தெறியுங்கள். சுந்தரரும் முதலிற் கிழித்தவரே. ஆனால் மூலவோலை ஒன்று உண்டு. அதிலே உங்கள் பெயர் எப்போதோ எழுதப்பட்டிருக்கின்றது. வாரத்தில் ஒரு மாலை உங்கள் தோட்டத்துக் கோயிலின் முற்றத்தைக் கூட்டுங்கள். லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தேவாரமும் கணக்கும் சொல்லிக்கொடுங்கள். நோயுற்றவர் வீட்டு வாசலிற் போய் நில்லுங்கள். அச்சிறு தொண்டினிடையே ஒருநாள், நீங்கள் எவர்க்கும் அஞ்சாதவராகவும் எவரையும் தாழ்த்தாதவராகவும் ஆகியிருப்பதை நீங்களே காண்பீர்கள். அன்று அடிமைக்கும் அடியாருக்கும் உள்ள வேற்றுமையை நாம் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.